இறப்பு மிஞ்சியும் வளரும் கவுன்ட்டிகள்: புளோரிடா பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சம்ட்டர் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பிறப்பைவிட இறப்பு பல மடங்கு என்கிறார்கள். மக்கள்தொகையோ ஏறிக்கொண்டே போகிறது. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் வருவதுதான் இயற்கை வளர்ச்சி. குடிவந்தவர்கள் அதில் சேர மாட்டார்கள். சம்ட்டரில் 2010இல் 93,420 பேர், 2020இல் 1,29,752 பேர். கூடியவர்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள்தான். 'தி வில்லேஜஸ்' என்ற ஓய்வுக்காலக் குடியிருப்பின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. அங்கே பெரும்பாலான வீடுகளில் ஒருவருக்காவது 55 வயது ஆகியிருக்க வேண்டும். 19 வயது ஆகாதவர்கள் ஆண்டுக்கு 30 நாள் வந்து தங்கலாம், நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து போகிற ஊரில் பிறப்புக் கணக்கு எப்படி ஏறும்?

கேள்வி: அப்படியென்றால் அங்கே மக்களின் உடல்நலம் மோசமா?

பதில்: இல்லவே இல்லை. நிறையப் பேர் இப்படித்தான் முடிவு கட்டிவிடுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். எவ்வளவு நல்ல மருத்துவம் இருந்தாலும் 75 வயதுக்காரர்களிடையே இறப்பு 30 வயதுக்காரர்களைவிடப் பல மடங்கு இருக்கும். நலத்தை ஒப்பிட வேண்டுமானால், வயதுக்கேற்பச் சரிசெய்த இறப்பு விகிதத்தைப் பாருங்கள், அதாவது எல்லா ஊரிலும் இளைஞர், முதியவர் பங்கு ஒரே மாதிரி என்று வைத்துப் போட்ட கணக்கை. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. யூனியன் கவுன்ட்டியில் சுமார் 16,000 பேர்தான், ஆனால் விகிதம் பயமுறுத்தும். அங்கே லேக் பட்லரில் சிறைத்துறையின் மருத்துவ மையம் இருக்கிறது. மாநிலத்தின் பல சிறைகளிலிருந்து நோயாளிக் கைதிகளை அங்கே கொண்டுவருகிறார்கள். அவர்களின் இறப்பும் அந்தச் சின்ன கவுன்ட்டியின் தலையில் விழுகிறது.

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் இடமெல்லாம் இப்படித்தானா?

பதில்: இல்லை. சாதாரணமாக, இறந்தவர் குடியிருந்த கவுன்ட்டியில்தான் கணக்கு வைப்பார்கள். பிறப்புக்குத் தாயின் இருப்பிடம்.

கேள்வி: புளோரிடாவின் அலாச்சுவா கவுன்ட்டியில் இளைஞர்கள் நிறைய. அங்கே பிறப்பு அதிகமாக இருக்க வேண்டுமே?

பதில்: அவர்களில் பலர் கெய்ன்ஸ்வில்லில் இருக்கும் புளோரிடா பல்கலைக்கழக மாணவர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவர்களைப் படிக்கும் ஊரிலேயே எண்ணுகிறது. பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, வேறு கவுன்ட்டிக்குப் போன பிறகுதான் பலரும் பிள்ளை பெறுகிறார்கள். சராசரி வயதை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

கேள்வி: மயாமி-டேட் கவுன்ட்டி எப்படி?

பதில்: சம்ட்டருக்கு நேர் எதிர். பிறப்பு மிஞ்சுகிறது, ஆனால் நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போகிறவர்கள் அதிகம். அந்த இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நிரப்புகிறார்கள்.

கேள்வி: எல்லாம் கொரோனாவால் வந்ததுதானே?

பதில்: அது வேகப்படுத்தியது. அமெரிக்கக் கவுன்ட்டிகளில் 2021இல் 73 சதவீதத்துக்கும் மேல் இறப்பு மிஞ்சியது. ஆனால் 2019லேயே அது 45.5 சதவீதம். பிறப்பு குறைந்து, மக்கள் முதுமையடைவது அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

கேள்வி: புதிய பள்ளி வேண்டுமா என்று முடிவெடுக்க இயற்கை வளர்ச்சி போதுமா?

பதில்: போதாது. பிறப்பை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள், அதோடு பிள்ளைகளுடன் குடிவரும் குடும்பங்களையும் சேருங்கள். முதியவர்களின் இறப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வகுப்பறைக்கு வரப்போகும் பிள்ளைகள் கணக்கிலேயே தெரிய மாட்டார்கள்.