விடியற்காலையில் வாய் பிளக்கும் கட்லா

கேள்வி: பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் இருக்கிறோம் ஐயா. எங்கள் மகளிர் சங்கத்தில் 14 பேர். பஞ்சாயத்தின் ஒன்றரை ஏக்கர் குட்டையைக் குத்தகைக்கு எடுத்து, போன அக்டோபரில் கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 3,000 குஞ்சு விட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு இரண்டு கூடை பச்சைச் சாணி போட வேண்டும் என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. போடாவிட்டால் 50 ரூபாய் அபராதம். இப்போது மே மாதம், தண்ணீர் இறங்கி நான்கடிதான் நிற்கிறது, கரும்பச்சையாக இருக்கிறது. போன வாரம் இரண்டு நாள் வெயிலே இல்லாமல் வானம் மூடாக்கு. மூன்றாம் நாள் விடிந்தபோது 60 மீன் மிதந்தது, எல்லாம் பெரிய கட்லா. முன்பு குத்தகை வைத்திருந்தவர் மருந்து கலந்துவிட்டார் என்கிறார்கள். போலீசில் சொல்லலாமா? சுண்ணாம்பு, பாசியைக் கொல்லும் மயில்துத்தம் போடலாமா? இல்லை, மொத்தமாக விற்றுவிடலாமா? குட்டையில் விரால் வேறு தட்டுப்படுகிறது.

பதில்: போலீஸ் வேண்டாம் அம்மா. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. மருந்து கலந்திருந்தால் பெரியது சிறியது பார்க்காமல் சாகும். உங்கள் குட்டையில் செத்தது பெரிய கட்லா மட்டும், அதுவும் விடியும் நேரத்தில். விரால் சௌக்கியமாகச் சுற்றுகிறது. விரால் மேலே வந்து காற்றையே குடித்துப் பிழைக்கும் மீன். கட்லாவுக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த முறை செத்த மீனைக் கையில் எடுத்தால் வாயையும் செவுளையும் பாருங்கள். வாய் பிளந்து, செவுள் மூடி விரிந்து நின்றால், அது தண்ணீரில் பிராணவாயு இல்லாமல் மூச்சுத் திணறிச் செத்தது.

காரணம் சாணி. அது உரமாகித் தண்ணீரில் பச்சைப் பாசியை வளர்க்கும். அந்தப் பாசி பகலில் வெயிலை வைத்துப் பிராணவாயு தரும். இரவில் அதுவே மீனோடு போட்டி போட்டு எடுத்துக்கொள்ளும். அடியில் மக்கும் சாணியும் தன் பங்குக்கு எடுக்கும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் குட்டையில் பிராணவாயு ஆகக் குறைவு. மூடாக்கு நாளில் பகல் வரவும் இல்லை. சூடான தண்ணீரில் பிராணவாயு நிற்பதும் கம்மி. நான் பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறேன். 2016 மார்ச்சில் எங்கள் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவன். அங்கே சாக்கடை செய்ததைத்தான் உங்கள் குட்டையில் சாணி செய்கிறது, அளவுதான் வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடைக்கு 20 கிலோ வைத்தாலும் வாரத்துக்கு 560 கிலோ. மாதம் இரண்டு டன்னைத் தாண்டுகிறது. ஏக்கருக்கு மாதம் 400 கிலோ என்று வைத்தால் உங்களுக்கு 600 கிலோ போதும். உழைப்பில் எல்லோரும் சமம் என்று காட்டத்தான் இந்தக் கட்டுப்பாடு வைத்தீர்கள், புரிகிறது. ஆனால் குட்டைக்கு எது தேவை என்று யாரும் கேட்கவில்லை. அபராதத்துக்குப் பயந்து, மழைக்காலத்திலும் மூடாக்கிலும் கூடை வந்துகொண்டே இருந்திருக்கிறது. சாணியை இன்றே நிறுத்துங்கள். கட்டுப்பாடு வேண்டும் என்றால் அதை விடியற்காலை முறைக்கு மாற்றுங்கள்: நாளுக்கு இரண்டு பேர், நாலரை மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். 14 பேருக்கு வாரம் ஒரு முறைதான் வரும். தனி ஆளாகக் குட்டை வைத்திருப்பவருக்கு இந்த வசதி கிடைக்காது.

முறைக்கு வருகிறவர் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், டீசல் எஞ்சினை ஓட்டிக் குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி, உயரத்திலிருந்து ஓட்டை போட்ட தகரத்தின் மேல் விழச் செய்யுங்கள். வெயில் ஏறும்வரை ஓடட்டும். போர்வெல் தண்ணீர் விட்டாலும் அப்படித்தான் தெறித்து விழ வேண்டும். பூமியிலிருந்து வரும் தண்ணீரில் பிராணவாயு அநேகமாக இருக்காது. மூடாக்கு நாளில் தவிடு, புண்ணாக்கு போட வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் மீன் சாகாது.

பகலில் ஒரு சோதனை. சேறு கலங்காத இடத்தில் நின்று கையைத் தண்ணீரில் நேராக விடுங்கள். முழங்கை நனைவதற்கு முன்பே உள்ளங்கை மறைந்தால் பாசி அதிகம். முழங்கை நனையும்போதும் உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான பதம். அந்தப் பதம் வந்த பிறகு சாணியை மறுபடி தொடங்கலாம், கொஞ்சமாக.

மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். பாசி ஒரேயடியாகச் செத்து அழுகினால் மிச்ச மீனும் போய்விடும். சுண்ணாம்பும் இப்போது கூடாது. கரும்பச்சைத் தண்ணீரில் மதியத்துக்கு மேல் காரம் ஏறியிருக்கும். அதில் சுண்ணாம்பு விழுந்தால் அடியில் உள்ள அமோனியா விஷமாகும். தண்ணீரில் புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். தாள் வாங்கிக் காலை ஆறு மணிக்குப் பாருங்கள். 7-க்குக் கீழே வந்தால் எழுதுங்கள், அளவு சொல்கிறேன்.

மொத்தமாக விற்க வேண்டாம். குட்டையைக் கண்ணால் அளந்து ஒரு தொகை சொல்லும் வியாபாரிக்கு லாபம் எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று நாள் நல்ல வெயில் அடித்து, மீன் மேலே வராமல் இருந்தால், முக்கால் கிலோவுக்கு மேலான கட்லாவை மட்டும் வலைபோட்டு எடுங்கள். கூட்டம் குறைந்தால் மிச்சத்துக்கு மூச்சு கிடைக்கும். கரையிலேயே தராசு வைத்துக் கிலோ கணக்கில் கொடுங்கள். நம் ஆட்கள் கடல்மீன்தான் மீன் என்பார்கள், ஏரி மீனில் மண்வாடை என்பார்கள். சர்ஜாபூர் ரோடு பக்கம் இருக்கும் வங்காளிகளுக்கோ ரோகுவும் கட்லாவும் உயிர். மண்வாடைக்கும் இந்தக் கரும்பச்சைத் தண்ணீர் ஒரு காரணம், தண்ணீர் தெளிந்தால் அதுவும் குறையும்.

தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் வாங்க நினைத்தால் தாலுகா மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம் அறிவித்தார்கள், இப்போதும் உண்டா என்று கேளுங்கள். அதற்கு முன் குத்தகைக் காகிதத்தில் எத்தனை வருடம் பாக்கி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விராலை இப்போது பிடித்து விற்றுவிடுங்கள், விலையும் கூட. அரைக் கிலோ ரோகுவை அது விழுங்காது. ஆனால் அடுத்த முறை குஞ்சு விடும்போது ஒன்றிரண்டு மிஞ்சினாலும் போச்சு. குட்டையை வெடிப்பு விழும்வரை காயவிட்டு, அதன் பிறகு தண்ணீர் கட்டுங்கள்.