ஆயாம்மாவை வீட்டோடு தங்கச் சொல்லலாமா?

(2020 ஜூன் மாதம், சென்னையில் கொரோனா ஊரடங்கு நடந்தபோது வந்த கேள்வியும் பதிலும்)

கேள்வி: கணவர், நான் இருவருமே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறோம். மகளுக்கு இரண்டு வயது. அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா பெரும்பாக்கத்திலிருந்து வருவார். மாதம் 11,000 ரூபாய் சம்பளம். ஜூன் 19 முதல் சென்னையில் மறுபடியும் முழு ஊரடங்கு என்பதால் அவரால் வர முடியவில்லை. வீட்டோடு தங்கச் சொல் என்கிறார் மாமியார். வேலை செய்யாத நாளுக்குப் பாதிச் சம்பளம் போதும் என்கிறார் கணவர். ஆயாம்மாவுக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். நான் என்ன செய்யட்டும்?
- வேளச்சேரி வாசகி

பதில்: முதலில் சம்பளம். முழுதாகக் கொடுங்கள். ஊரடங்கைப் போட்டது அவர் இல்லை. உங்கள் இருவர் சம்பளமும் நிற்கவில்லை. இந்த ஊரடங்குக்காக ரேஷன் அட்டைக்கு அரசு தரும் 1,000 ரூபாயில் ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும்?

தங்கச் சொல்வதைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் 24 இரவு, முதல் ஊரடங்கை அறிவித்ததும், பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை நான்தான் "இருபத்தோரு நாள்தானே, இருந்துடும்மா" என்று நிறுத்திக்கொண்டேன். மாற்றுப் புடவை இரண்டோடு தங்கினார். ஏப்ரல் 14-இல் முடியும் என்ற ஊரடங்கு மே 3 வரை என்று ஆனது, பிறகு மே 17 ஆனது. தினமும் சாயங்காலம் பால்கனியில் நின்று தன் மகனோடு வீடியோ காலில் பேசுவார். ஒரு நாள் பேத்தி அவர் இடுப்பில் இருந்தபடி போனைப் பிடுங்கப் பார்த்தாள். "அந்தப் பாப்பா மட்டும் ஏம்மா உன் இடுப்புல இருக்கு?" என்று அந்தப் பையன் கேட்டது உள்ளே இருந்த எனக்கும் கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை. பேத்தியை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கெடுபிடி கொஞ்சம் தளர்ந்ததும் என் மகன் வண்டியில் கொண்டுபோய் விட்டு வந்தான். அவராக ஒரு நாளும் "போகணும்" என்று கேட்டதில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

அதனால் போனில் பேசும்போது, "சம்பளம் எப்படியும் வந்துடும்" என்பதை முதலில் சொல்லி முடியுங்கள். தங்குகிற பேச்சை அப்புறம் எடுங்கள், அதுவும் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தால் மட்டும். உடனே பதில் கேட்காதீர்கள், ஒரு நாள் டைம் கொடுங்கள். அவர் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரே மனசோடு ஒப்புக்கொண்டாலும் ஊரடங்கு முடியும் ஜூன் 30 வரை வர வழியில்லை. ஆட்டோ, டாக்சி எல்லாம் மருத்துவ அவசரத்துக்கு மட்டும்தான். அதன் பிறகு வந்தால், படுக்க மின்விசிறியோடு ஒரு அறை கொடுங்கள். ஹாலில் பாய் போட்டுக் கொடுத்துவிட்டு, ராத்திரி குழந்தை அழும்போதெல்லாம் அவரை எழுப்புவது கூடாது. ராத்திரி வேலை சேர்ந்தால் சம்பளமும் கூட வேண்டும். எத்தனை மணியோடு வேலை முடிகிறது, எந்தத் தேதி வீட்டுக்குப் போகிறார் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். "உங்க ஏரியாவுலதான் கொரோனா" என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலும் வரக்கூடாது. காய் வாங்க வெளியே போய் வரும் உங்கள் கணவரிடமிருந்து அவருக்கும் தொற்றலாம். மாஸ்க், கை கழுவுவது எல்லாம் எல்லோருக்கும்தான்.

அவர் வரும்வரை குழந்தையை நீங்களும் கணவரும் பாதிப் பாதி நாள் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயசுக் குழந்தை மீட்டிங் நடுவே மடியில் வந்து உட்கார்ந்தால் ஆபீஸ் ஒன்றும் முழுகிப் போகாது.

இன்னொன்று. தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம் 2007-லிருந்தே இருக்கிறது. அவர் அதில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஊரடங்கு முடிந்ததும் கூட இருந்து பதிவு செய்து கொடுங்கள். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு.

சம்பளத்துக்கு 1-ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டாம். இன்றே அனுப்புங்கள், காலையிலேயே. மளிகைக் கடைகள் மதியம் 2 மணிக்கு மூடிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அதுவும் திறக்காது.