“ஒருத்தர்தானா?”

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறேன். பகல் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேச்சு. ராத்திரிச் சாப்பாடுதான் பிரச்சினை. உணவகத்து வாசலில் “ஒருத்தர்தானா?” என்று கேட்டதுமே உடம்பு கூசுகிறது, எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. அதனால் அறைக்கே வரவழைத்து, லேப்டாப் முன்னால் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். தனியாக உண்பது இரப்பதைவிடக் கொடியது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே, என் கூச்சம் நியாயம்தானோ?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வள்ளுவரை உங்களுக்கு எதிராகச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். ‘இரத்தலின் இன்னாது மன்ற நிரப்பிய தாமே தமியர் உணல்’ என்ற அந்தக் குறள் (229) இருப்பது ஈகை அதிகாரத்தில். ‘நிரப்பிய’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் படிக்கிறோம். பொருளைச் சேர்த்து நிரப்புவதற்காக, இல்லாதவருக்குக் கொடுக்காமல் தானே உண்பவனைத்தான் அவர் கடிந்துகொள்கிறார். மேசையில் உடன் ஆள் இல்லாதவரை அல்ல. நாள் முழுக்க உழைத்துவிட்டுப் பசியோடு வந்து உட்காரும் உங்களுக்கும் அந்தக் குறளுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற எண்ணம். எனக்கும் அது பல வருடம் இருந்தது, அதனால் லேசாகச் சொல்ல மனமில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு சோதனை 2000இல் வெளியானது. போட்டுக்கொள்ளவே வெட்கப்படும்படியான பாடகர் படம் அச்சிட்ட ஒரு பனியனை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். ஒரு பனியனுக்கே அவ்வளவுதான் என்றால், அமைதியாகச் சாப்பிடும் ஒரு பெண்ணை எத்தனை பேர் கவனித்துக்கொண்டிருப்பார்கள்? பக்கத்து மேசைக்காரருக்கு அவருடைய தட்டு இன்னும் வரவில்லை என்பதுதான் கவலை.

ஆனால் ஒரு பெண்ணாக உங்களுக்குக் கூச்சத்தைத் தாண்டி எச்சரிக்கையும் தேவை. அதைக் கூச்சத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தங்கும் விடுதியிலேயே சாப்பிட்டால், அறை எண்ணை வாய்விட்டுச் சொல்லாதீர்கள், பில்லில் எழுதிக் கொடுங்கள். “தனியாகவா வந்திருக்கீங்க?” என்று அறிமுகம் இல்லாத ஒருவர் கேட்டால் உண்மையைச் சொல்லியே தீரவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சுவர் முதுகுக்குப் பின்னாலும் வாசல் கண்ணுக்கு எதிரிலும் இருக்கும் இடம் கிடைத்தால் நிம்மதியாக உட்காரலாம். தனியாக வருபவரைச் சமையலறைக் கதவருகே தள்ளிவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அங்கே உட்காராதீர்கள். “அந்த மேசை காலியாகத்தானே இருக்கு, அங்கே உட்காரலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விட்டால் இது இன்னும் சுலபம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த லேப்டாப்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மதிய உணவின்போது சிலரைக் கணினியில் சீட்டு விளையாட வைத்தார்கள். சும்மா சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு குறைவாக இருந்தது. என்னென்ன சாப்பிட்டோம் என்பதும் சரியாக நினைவில்லை. அரைமணி நேரம் கழித்துப் பிஸ்கட் வைத்தபோது மற்றவர்களைவிட அதிகமாகத் தின்றார்கள். 2011இல் வந்த ஆய்வு இது. ராத்திரி அறையில் சாப்பிட்டு முடித்த பிறகும் எதையோ தேடிப் பையைத் துழாவும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

போனையும் அப்படியே பைக்குள் வைத்துவிடுங்கள். முதல் சில நிமிடம் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது, அது கடந்துவிடும். பரிமாறுபவரிடம் இன்று என்ன நன்றாக இருக்கிறது, ஒருவருக்கு எது அளவாக இருக்கும் என்று கேளுங்கள். பகலெல்லாம் அடுத்தவருக்காகவே பேசியிருக்கிறீர்கள். இந்த முக்கால் மணி நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், யாருடைய ருசிக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எனக்கு அந்த நேரம் இப்போது மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த பயணத்தில் முதல் நாள் ராத்திரியே போய்ப் பாருங்கள். “ஒருத்தர்தானா?” என்று கேட்டால், “ஆமாம், ஜன்னல் ஓரமா இடம் இருக்கா?” என்று கேளுங்கள். எந்த மேசை கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள்.