பிரிட்டனில் பைக் லைசென்ஸ்: எட்டு போட்டால் மட்டும் போதாது

வாசகர் கேள்வி – பதில்

(இந்தப் பதில்கள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் பொருந்தும். வட அயர்லாந்தில் நடைமுறை வேறு.)

கேள்வி: ஊரில் பத்து வருஷமாகப் புல்லட் ஓட்டுகிறேன். வேலை மாற்றலாகி ரெடிங் நகருக்குக் குடும்பத்தோடு போகிறேன். தமிழ்நாட்டு லைசென்ஸ் அங்கே செல்லுமா? மாற்றிக் கொடுப்பார்களா?
– ஒரு வாசகர், கோவை

செல்லும், ஆனால் 12 மாதம்தான். நீங்கள் அங்கே குடியேறிய நாளிலிருந்து கணக்கு. அதுவரை உங்கள் லைசென்ஸில் எந்த வகை வண்டி இருக்கிறதோ அதை ஓட்டலாம். மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். லைசென்ஸை நேரடியாக மாற்றிக்கொள்ளும் நாடுகளின் பட்டியல் ஒன்று உண்டு; சிங்கப்பூர் அதில் இருக்கிறது, இந்தியாவும் இலங்கையும் இல்லை. 12 மாதம் முடிந்த மறுநாள் பத்து வருஷ அனுபவத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. புதிதாகக் கற்பவர் நிற்கும் இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள்.

அதனால் போய் இறங்கியதும் முதல் வேலையாக லைசென்ஸ் வழங்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ-யின் இணையதளத்தில் புரொவிஷனல் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். நம்மூர் எல்.எல்.ஆர். மாதிரிதான். இணையவழிக் கட்டணம் 34 பவுண்டு. குறைந்தது 185 நாள் அங்கே தங்க விசா அனுமதி இருக்க வேண்டும். பிறகு வரிசை இது: சிபிடி என்ற கட்டாய அடிப்படைப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, மாட்யூல் 1 (மைதானத்தில் ஓட்டிக் காட்டும் தேர்வு), மாட்யூல் 2 (சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு). எழுத்துத் தேர்வுச் சான்று 2 ஆண்டுதான் செல்லும். அதற்குள் இரண்டு மாட்யூலையும் முடிக்காவிட்டால் மறுபடி எழுத வேண்டும்.

வயதைப் பொறுத்து மூன்று படி உண்டு. 17 வயதில் ஏ1: 125 சிசி, 11 கிலோவாட் வரை. 19 வயதில் ஏ2: 35 கிலோவாட் வரை. 24 வயதானால் நேரடியாக முழு ஏ. ஏ2 எடுத்து 2 ஆண்டு ஆனவர் 21 வயதிலேயே ஏ தேர்வுக்குப் போகலாம். 24 தாண்டியவர் ஏ1 தேர்வுக்குப் பணம் கட்டுவது வீண் என்பது எங்கள் கருத்து. அதே தேர்வு, அதே கட்டணம். கையில் வருவது மட்டும் சின்ன லைசென்ஸ்.

நீங்கள் புல்லட் பிரியர் என்பதால் ஒரு தகவல். 350 சிசி என்ஃபீல்டின் சக்தி சுமார் 15 கிலோவாட். ஏ2 லைசென்ஸில் அதைத் தாராளமாக ஓட்டலாம். ஆனால் ஏ2 தேர்வுக்கு வரும் வண்டி குறைந்தது 20 கிலோவாட் இருக்க வேண்டும் என்பதால், அதிலேயே தேர்வு கொடுக்க முடியாது! சிபிடி மட்டும் வைத்துக்கொண்டும் அதைத் தொடக் கூடாது.

ஊரிலிருந்து ஹெல்மெட் தூக்கிப் போக வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் உள்ளது அங்கே சட்டப்படி செல்லாது. ஈசிஇ 22.05 அல்லது 22.06 என்ற ஐரோப்பியத் தர முத்திரை உள்ளே தைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சிபிடி-யில் ஃபெயில் ஆக்குவார்களா? நன்றாக ஓட்டத் தெரிந்த என் நண்பனையே இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள்.
– ஒரு வாசகர், ஈஸ்ட் ஹாம்

அது தேர்வு அல்ல, பயிற்சி. பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது. திறமை போதவில்லை என்று பயிற்சியாளர் நினைத்தால் சான்றிதழ் தராமல் திரும்ப வரச் சொல்வார். ஐந்து பகுதி: அறிமுகமும் கண் சோதனையும், வண்டியைப் பற்றிய விளக்கம், மைதானத்தில் ஓட்டுவது, சாலை விதிகள், கடைசியாகக் குறைந்தது 2 மணி நேரம் சாலையில் ஓட்டுவது.

ஊரில் ஓட்டிப் பழகியவர்கள் திரும்பி வருவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதியில்தான். முதல் காரணம், திரும்பிப் பார்க்காதது. கண்ணாடியில் பார்த்தால் போதாது. திரும்பும் முன், எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தத் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ‘லைஃப்சேவர்’ என்பார்கள். கண்ணை மட்டும் உருட்டினால் பின்னால் வரும் பயிற்சியாளருக்குத் தெரியாது. அவர் கணக்கில் நீங்கள் பார்க்கவே இல்லை. அடுத்தது ரவுண்டானா. வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி விட்டே ஆக வேண்டும், மூக்கை நுழைத்து இடம் பிடிக்கும் பழக்கம் அங்கே உதவாது. மூன்றாவது, இண்டிகேட்டரை அணைக்க மறப்பது. பயிற்சி வண்டிகளில் பெரும்பாலும் தானாக அணையாது.

கியர் விஷயமும் உண்டு. நம்மூர் 4 கியர் பைக்குகள் பலவற்றில் எல்லா கியரையும் முன்பக்கம் மிதித்தே போடுவோம். அங்கே முதல் கியர் கீழே, மற்றவை எல்லாம் மேலே. குதிகாலால் மிதிக்கும் கட்டையும் இருக்காது. அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போனால், மூன்றாவது போடப் போய் முதல் கியர் விழும், பின்சக்கரம் இழுத்துவிடும். ஓரிடத்தில் நின்றபடியே பத்து நிமிடம் கியர் மாற்றிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்று உறவினர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, ஹாரோ

முன்பு தமிழ்க் குரல் வசதி இருந்தது. 2014 ஏப்ரலில் வெளிநாட்டு மொழிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆங்கிலமும் வெல்ஷும்தான். கட்டணம் 23 பவுண்டு. 57 நிமிடத்தில் 50 கேள்வி, 43 சரியாக இருக்க வேண்டும். கூடவே ஆபத்தை முன்கூட்டி உணரும் வீடியோத் தேர்வு: 14 காட்சிகள், 75-க்கு 44. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரே சீராகக் கிளிக் செய்துகொண்டே இருந்தால் அந்தக் காட்சிக்கு பூஜ்யம். கார் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாலும் பைக்குக்குத் தனியாக எழுத வேண்டும்.

கேள்வி: மாட்யூல் 1-இல் இரண்டு முறை தோற்றுவிட்டேன். இரண்டு முறையும் வேகம் போதவில்லை என்றார்கள். 32 மைல் காட்டியதைக் கண்ணால் பார்த்தேனே!
– ஒரு வாசகர், மில்டன் கீன்ஸ்

ஸ்பீடோமீட்டர் காட்டியது 32. தேர்வு மைதானத்தில் உள்ள வேகக் கருவி அளந்தது அதற்கும் குறைவு. வண்டியின் மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் நிறுவனங்கள் சற்றுக் கூட்டியே காட்ட வைக்கின்றன. தேர்வுக்குத் தேவை மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது 31 மைலுக்குச் சற்று மேல். மீட்டரில் 35 காட்டும்படி போங்கள்.

பலர் செய்யும் தவறு, வளைவை விட்டு வெளியே வரும்போது மெதுவாக வந்து, பிறகு நேர்ப்பாதையில் முறுக்குவது. அங்கே தூரம் போதாது. வளைவில் மிதமான சீரான வேகம், வண்டி நிமிர்ந்ததும் இரண்டாவது கியரிலேயே உறுதியாக முறுக்கல், அளவுக் கோட்டைத் தாண்டும்வரை கை தளரக் கூடாது. கோட்டுக்கு முன்பே பயந்து த்ராட்டிலை விடுவதுதான் வேகம் குறையக் காரணம். அவசர நிறுத்தத்தில் முதலில் முன் பிரேக், அதையும் படிப்படியாக அழுத்துங்கள். கூடவே பின் பிரேக் மெல்ல. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். தடையை விலகிச் செல்லும் பகுதியில் பிரேக்கே வேண்டாம், விலகி முடித்தபின் பிடியுங்கள்.

கூம்புகளுக்கு நடுவே எட்டு போடுவது நம்மவர்களுக்குச் சிரமமே இல்லை. யூ-டர்னில்தான் கால் தரையில் படுகிறது. முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல், போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள். கிளட்ச் பாதி, பின் பிரேக்கில் லேசான அழுத்தம். சிறு தவறுகள் 5 வரை மன்னிக்கப்படும். கடுமையான தவறு ஒன்றே போதும், ஃபெயில். கட்டணம் 15.50 பவுண்டு என்பதால் பெரிய இழப்பில்லை. மாட்யூல் 2 வார நாளிலேயே 75 பவுண்டு, அதற்குப் போகும்போது கூடுதல் தயாரிப்போடு போங்கள்.

கேள்வி: இங்கே கார் லைசென்ஸ் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போக ஸ்கூட்டர் போதும். எல் போர்டு மாட்டித்தான் ஓட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, குரோய்டன்

50 சிசி மொபெட் என்றால் சிபிடி ஒருமுறை முடித்தால் போதும். எல் போர்டும் வேண்டாம், காலாவதியும் இல்லை. 125 சிசி என்றால் எல் போர்டு வேண்டும், சிபிடி-யை 2 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி செய்ய வேண்டும், பின்னால் பிள்ளையை ஏற்றவே கூடாது. ஆட்டோமேட்டிக் ஸ்கூட்டரில் முழுத் தேர்வு கொடுத்தால் கியர் பைக் ஓட்ட உரிமை வராது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாணவர் விசாவில் இருக்கிறேன். சிபிடி எடுத்து 125 சிசி-யில் உணவு டெலிவரி செய்யலாமா?
– ஒரு வாசகர், லெஸ்டர்

சிபிடி தடை இல்லை. விசாதான் தடை. ஆப் வழி டெலிவரியில் பொதுவாக நீங்கள் சுயதொழில் செய்பவர்; மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி கிடையாது. நண்பர் கணக்கில் ஓட்டுவதும் அதே குற்றம்தான்.

வேலை அனுமதி உள்ள மற்றவர்களுக்கு: சாதாரண இன்ஷூரன்ஸ் டெலிவரிக்குச் செல்லாது, கூலிக்குப் பொருள் எடுத்துச் செல்வதற்கான தனிப் பாலிசி வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. முதல் முழு லைசென்ஸ் எடுத்து 2 ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்தாகும். புரொவிஷனலில் தொடங்கி எல்லாத் தேர்வையும் மறுபடி கொடுக்க வேண்டும்.