பெட்டிக்குள் இருந்த கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா பட்டாளத்தில் 24 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் எக்ஸ் சர்வீஸ்மேன் வீடுகள் நிறைய. அவர்களுக்கும் குடும்பத்தாருக்குமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கலைப் பட்டறை தொடங்கினோம். முதல் நாள் படம் வரையச் சொன்னோம்; எல்லாரும் தேசியக் கொடி வரைந்தார்கள். போர் அனுபவங்களைச் சொல்லச் சொன்னோம். ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அம்மாக்கள் பின்னால் நின்று டீ கொடுத்தார்கள். "இதுக்குப் பதிலா ஒரு பென்சன் முகாம் வச்சா உபயோகம்" என்கிறார் அப்பா. தொடரலாமா, விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தொடருங்கள். அப்பா சொல்வதும் சரிதான். பட்டறையின் முதல் அரைமணி நேரத்தைப் பென்சன், கேண்டீன் கார்டு சந்தேகங்களுக்கே கொடுத்துவிடுங்கள். அதற்காக வருகிறவர்கள் அப்புறமும் இருப்பார்கள்.

எழுந்து போனவரைப் பற்றித்தான் எனக்கு யோசனை. என் தாய்மாமா 1987-ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். அந்தப் படை 1990 மார்ச்சில் முழுதாகத் திரும்பி வந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு வரவில்லை. மாமா வந்தார். ஊர்க் கோவில் கொடைவிழாவில் வெடி போடும் ராத்திரி மட்டும் டார்ச்சும் ரேடியோவும் எடுத்துக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குப் போய்விடுவார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "வடக்க எங்க சண்டைன்னாலும் எதிர்ல கத்துறது நமக்குப் புரியாது மக்கா. அங்க எல்லாம் புரிஞ்சுது." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அப்படிப்பட்ட ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, மைக்கை நீட்டி, அனுபவம் சொல்லுங்கள் என்றால் அவர் எழுந்துதான் போவார். அடுத்த முறை அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்கள். எதுவும் கேட்கமாட்டோம் என்று சொல்லிக் கூப்பிடுங்கள்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டனில் 2007-ல் 'காம்பட் பேப்பர்' என்று ஒரு பட்டறை தொடங்கினார்கள். போரிலிருந்து திரும்பியவர்கள் தங்கள் சீருடையைத் துண்டு துண்டாக வெட்டி, கூழாக அரைத்து, அதில் காகிதம் செய்கிறார்கள். அந்தக் காகிதத்தில் எழுதலாம், படம் அச்சடிக்கலாம். நான் பிடித்துக்கொண்டது இதைத்தான்: முதலில் கைக்கு வேலை, பேச்சு வந்தால் வரட்டும். நம்மூரில் சீருடையை வெட்டச் சொன்னால் பலருக்கு மனசு ஒப்பாது, அது வேண்டாம். தோவாளையிலிருந்து மாணிக்கமாலை கட்டத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வாருங்கள். அரளிப்பூவை மடித்து, நொச்சி இலையோடு வரிசை வரிசையாகப் பாய் பின்னுகிற மாதிரி கட்டுவது அது. ஒரு வரிசை பிசகினாலும் கோலம் கெட்டுவிடும். கண் பூவில் இருக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கணவனும் மனைவியும் ஒரே மாலையைக் கட்டலாம்.

இனி அம்மாக்கள். மாமா இறந்த பிறகு அத்தை அவருடைய பட்டாளத்துப் பெட்டியைத் திறந்தார். கறுப்புத் தகரப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பரும் பெயரும். உள்ளே அத்தை எழுதிய கடிதங்கள் தேதிவாரியாகக் கட்டி இருந்தன. மாமா எழுதியவற்றை அத்தை பீரோவில் வைத்திருந்தார். ஒரு மத்தியானம் இரண்டு கட்டையும் பாயில் பரப்பி, மாதம் மாதமாக ஜோடி சேர்த்தோம். மாமா எழுதுகிறார்: "இங்கு நல்ல மழை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை." அதே மாதம் அத்தை எழுதுகிறார்: "பசு கன்று போட்டது, கிடாரி. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்கள்." அந்த மாதம் மூத்தவன் டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பீல்டுக்குப் போனவர்களுக்கு முகவரி என்றால் ராணுவத் தபால் நிலையத்தின் நம்பர்தான்: 56 ஏ.பி.ஓ., இல்லாவிட்டால் 99 ஏ.பி.ஓ. எழுதுகிற பெண்ணுக்கு அது எந்த ஊர் என்று தெரியாது. அவர் அங்கே மறைத்தார், இவர் இங்கே மறைத்தார். உங்கள் பட்டறைக்கு வேண்டிய சரக்கு இதுதான். பழைய கடிதம் ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள். அன்று எழுதாமல் விட்ட ஒரு வரியை இன்று இரண்டு பேரும் தனித்தனியாக எழுதட்டும். வாசித்துக் காட்ட விருப்பம் இல்லை என்றால் மடித்து உள்ளேயே வைத்துவிடட்டும்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு நம்மிடம் வில்லுப்பாட்டு இருக்கிறது. கணியாகுளத்தில் 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் படையோடு பொருதி இறந்த வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையை நம் மாவட்டம் பாட்டாகத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கதையில் போர்க்களத்துக்கு முன்னால் வீடு வருகிறது; பெண்கள் கெட்ட கனவு கண்டு, போக வேண்டாம் என்று மன்றாடுகிறார்கள். வில்லுப்பாட்டில் இன்னொன்றும் உண்டு. முன்னால் இருப்பவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" என்பார்கள். தனியாகச் சொல்ல முடியாததை அந்த "ஆமா"வின் துணையோடு சொல்லிவிடலாம். வில்லை ஒரு அம்மாவின் கையில் கொடுங்கள். பட்டாளத்துக்காரர்கள் குடமும் உடுக்கும் எடுத்துக்கொண்டு "ஆமா" சொல்லட்டும். நாற்பது வருடமாக அவர்கள் கேட்காத கதை அது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பட்டறை வைத்தியம் ஆகாது. தூக்கமே இல்லாதவர், குடி மிஞ்சிப் போனவர், சாவைப் பற்றிப் பேசுகிறவர் யாராவது இருந்தால் தாமதிக்காமல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். அப்புறம், பக்கத்துக் கோவிலிலோ சர்ச்சிலோ வெடி உண்டா என்று விசாரித்துவிட்டு நாள் குறியுங்கள்.

அடுத்த ஞாயிறு நானும் அத்தையும் வருகிறோம். இரண்டு கட்டுக் கடிதங்களையும் எடுத்து வரச் சம்மதித்துவிட்டார். முட்டுவலி, தரையில் உட்கார முடியாது. ஒரு நாற்காலி போட்டு வையுங்கள், வில்லுக்குப் பக்கத்தில்.