குற்ற உணர்வும் அவமானமும் ஒன்றுதானா?

இல்லை. "தவறு செய்துவிட்டேன்" என்று நெஞ்சு உறுத்துவது குற்ற உணர்வு. "என்னைக் கேவலமாகப் பார்க்கிறார்களே" என்று தலை குனிவது அவமானம்.

எங்கள் பாலக்காட்டுச் சித்தூரில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விடியற்காலையில், யாரும் பார்க்காதபோதும், பாலில் தண்ணீர் கலக்கக் கை கூசினால் அது குற்ற உணர்வு. வரிசையில் எல்லோர் முன்னும் பால்மானி காட்டிக்கொடுத்த பிறகு முகம் கறுத்தால் அது அவமானம். முன்னதற்குச் சாட்சி வேண்டாம். "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்று குறள் சொல்வது அதைத்தான். பின்னதற்குக் கூட்டம் வேண்டும்.

கூட்டத்தின் கையில் அது எவ்வளவு கொடுமையாகும் என்பதற்கு, 1905இல் கொச்சி சமஸ்தானத்தில் குறியேடத்து தாத்ரி என்ற நம்பூதிரிப் பெண்மீது, பிற ஆண்களோடு உறவு வைத்ததாகச் சொல்லிச் சாதியார் நடத்திய ஸ்மார்த்த விசாரணையே போதும். அம்முறையில் குற்றம் சாட்டப்பட்டவளைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். "சாதனம்", அதாவது வெறும் பொருள், என்பார்கள். இதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. தாத்ரியோ தன்னோடு உறவு வைத்தவர்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்களை அடையாளம் காட்டினார். அவர்களும் சாதிவிலக்குக்கு ஆளானார்கள். இன்று கைப்பேசியில் ஒருவரின் படத்தைப் பரப்புகிறவர்களும் முதலில் பறிப்பது அவருடைய பெயரைத்தான்.

நாலு பேர் முன்னால் நிறுத்தினால்தான் ஒருவன் திருந்துவான் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அப்படி நிறுத்தப்பட்டவரின் மனத்தில் பெரும்பாலும் தங்குவது செய்த தவறு அல்ல, பார்த்த கண்கள்.