அரபுத்தமிழ் நூலும் ஆய்வு மையமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். நன்னி (பாட்டி) வீட்டுப் பரணில் அரபுத்தமிழில், அதாவது அரபி எழுத்தில் எழுதிய தமிழில், கல்லச்சு (கல்லில் எழுதி அச்சிட்ட) நூல் ஒன்று கிடைத்தது. முகப்பு இல்லை, தாள்கள் கலைந்து கிடக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழக இஸ்லாமிய ஆய்வு மையத்தில் இதை வைத்து முனைவர் பட்டம் செய்ய ஆசை. மதரஸாவில் ஓதியவர்களைத்தான் சேர்ப்பார்கள் என்கிறார்களே?

ஃபா., காயல்பட்டினம்

அன்புள்ள ஃபா.,

அப்படி ஒரு விதி இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கேட்பது முதுகலையில் 55 விழுக்காடு. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. தமிழ் எம்.ஏ.வை ஏற்கிறார்களா என்பதைச் சேர்க்கை அறிவிக்கையில் பாருங்கள். அதைவிடப் பெரிய தடை, அரபி எழுத்து தெரியாமல் போவதுதான்.

முதலில் தாள்களை வரிசைப்படுத்துங்கள். பக்க எண் இல்லாவிட்டாலும் பல நூல்களில் பக்கத்தின் அடியில், இடது ஓரத்தில், ஒற்றைச் சொல் தனியாக நிற்கும். அடுத்த பக்கம் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். அதைப் பிடித்துக்கொண்டே கலைந்த நூலைச் சேர்த்துவிடலாம். செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், பசை காகிதத்தைப் பழுப்பாக்கித் தின்றுவிடும்.

பிறகு இருபது பக்கத்தையாவது தமிழ் எழுத்துக்கு மாற்றுங்கள். தவறுகள் நேர்வது இங்கேதான். அரபியில் குறில் உயிர் மூன்றே: அ, இ, உ. எ, ஒ இரண்டுக்கும் அரபுத்தமிழில் தனிக்குறி உண்டு. எழுதியவர் அதை விட்டிருந்தால் 'கொடி'யும் 'குடி'யும் ஒன்றுபோலத் தெரியும். ப, ட, ள, ழ போன்றவற்றுக்கு அரபி எழுத்தில் புள்ளியோ குறியோ சேர்த்திருப்பார்கள். கல்லச்சில் மை மங்கினால் முதலில் மறைவது அந்தப் புள்ளி. ஊகித்துப் படித்த இடங்களைப் பகர அடைப்புக்குள் [ ] போடுங்கள். அரபிச் சொற்களை மூல எழுத்திலும் தனி நிரலில் எழுதிவையுங்கள். ஸீன், ஸாத், ஸே என்ற மூன்று அரபி எழுத்துகளும் தமிழில் 'ஸ' ஆகிவிட்டால் சொல்லின் வேரைத் திரும்பப் பிடிக்க முடியாது.

முகப்பு போனாலும் கடைசிப் பக்கத்தில் எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டும் இருக்க வாய்ப்புண்டு. ஹிஜ்ரி ஆண்டை 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு வரும். ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பர் முதல் 1883 நவம்பர் தொடக்கம் வரை. மாதப் பெயர் இல்லையென்றால் 1882-83 என்றே எழுதுங்கள், ஒற்றை ஆண்டாக எழுதினால் நேர்காணலில் கேள்வி வரும்.

நெறியாளரிடம் "அரபுத்தமிழ் இலக்கியம்" என்ற பெருந்தலைப்போடு போகாதீர்கள். வரிசைப்படுத்திய நூலின் ஒளிப்படங்களையும் இந்த இருபது பக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.